ரிட்டர்ன் லோடு

காலியாக ஓடும் எதைக் கண்டாலும் புவனாவுக்கு ஆகாது. உக்கடம் பக்கம் அப்பாவின் லாரி புக்கிங் ஆபீசில் ஏழு வருடம் உட்கார்ந்ததில் வந்த வியாதி அது. கோவையிலிருந்து பம்புசெட்டும் கிரைண்டரும், பொள்ளாச்சியிலிருந்து தேங்காயும் ஏற்றி நாக்பூர், இந்தூர் என்று லாரியை அனுப்பி வைப்பது பெரிய காரியமில்லை. அங்கிருந்து அது வெறும் பலகையோடு திரும்பாமல் வெங்காயமோ பருப்போ ஏற்றிக்கொண்டு வர வழி செய்கிறவர்தான் புக்கிங்காரர். அந்த ரிட்டர்ன் லோடு பிடிப்பதில் புவனாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஆபீசுக்குள் நுழைகிற வியாபாரி எவராயிருந்தாலும், மேசைக்குப் பின்னால் முழுசாக உட்கார்ந்திருக்கும் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்.

அப்பா ஆறுச்சாமி காலையில் ஒரு மணி நேரம் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறவர். "என்ன வேணும்னு எங்கிட்டச் சொல்லுங்க" என்று அவள் சொன்னால், "பரவால்லீங்க அம்மணி, அப்புறமா வாரேன்" என்பார்கள். அப்புறமாக வந்து, அவள் போட்டு வைத்த ஏற்பாட்டையே அப்பாவின் வாயால் கேட்டு, மனசு நிறைந்து போவார்கள். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று அவள் கோபத்தை நிறுத்தி நாளாயிற்று. வருத்தம் மட்டும் நிற்கவில்லை.

தொண்ணூற்றொன்பது தை மாதத்தில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் வந்தன. அமெரிக்காவில் இருக்கும் தம்பி மோகன்குமாரின் கடிதங்கள் உடனுக்குடன் வரவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இணைப்பு, வருடத்துக்கு ஐந்நூறு மணி நேரம். தம்பியோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 'நலம், இங்கே குளிர்' என்று நாலு வரி எழுதுகிற ஆள். அதைப் படிக்க வருடத்துக்குப் பத்து மணி நேரம் ஆனாலே அதிகம். மீதி நானூற்றுத் தொண்ணூறு மணி நேரமும் காலியாக ஓடுவதை நினைத்தபோது புவனாவுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அதில் ஏற்ற ஏதாவது லோடு கிடைக்குமா என்று தேடத் தொடங்கினாள்.

அப்படித் தேடும்போது கண்ணில் பட்டதுதான் அந்தப் போர்க் குழு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் அறுபது எழுபது பேர் சேர்ந்து, இல்லாத ஒரு நாட்டில், இல்லாத ஒரு ஆற்றங்கரையில், மின்னஞ்சலிலேயே போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு வடக்கே ஒரு படை, தெற்கே ஒரு படை. பீரங்கிக்கு ஒருவர், காலாட்படைக்கு ஒருவர், மருத்துவப் பிரிவுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு பதவி. வியாழக்கிழமைக்குள் ஒவ்வொருவரும் தம் பிரிவுக்கான கட்டளைகளை எழுதி அனுப்ப வேண்டும். நெதர்லாந்தில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நடுவர். அவர் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டு, யார் ஜெயித்தார்கள், யார் செத்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை அறிக்கை அனுப்புவார். இதுதான் ஒரு சுற்று.

குழுவின் இணையப் பக்கத்தின் அடியில், 'வடகரைப் படைக்குப் போக்குவரத்து அதிகாரி தேவை' என்று இருந்தது. டாங்கியை ஓட்ட அத்தனை பேரும் அடித்துக்கொள்ள, லாரிக்கு ஒருவரும் வரவில்லை போலிருக்கிறது. புவனா அன்றைக்கே விண்ணப்பம் போட்டாள். மறுநாளே பதில் வந்தது. முதல் மூன்று சுற்றும் பழகுநர் காலம். ஒழுங்காகச் செய்தால் கேப்டன் பதவியோடு பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறும். இரண்டு முறை கட்டளை மீறினால் வெளியே. கடிதம் 'லெப்டினன்ட் புவனா அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் அவள் நாலைந்து தடவை படித்தாள். அந்தப் பட்டியலில் தன் பெயர் வந்தே ஆகவேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அறுபத்து நாலு பக்க விதிப் புத்தகத்தைப் பிரிண்டரில் கரகரவென்று அடித்து எடுத்ததில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. ஆபீஸ் என்றால் அந்த நேரத்தில் முஸ்தபா ஒருவர்தான். சொந்த லாரி ஓட்டுகிறவர். லோடுக்காக இரண்டு நாளாகப் பெஞ்சில் காத்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, இத்தனை பில்லுங்களா?"

"பில்லு இல்லீங்ணா. பட்டாளத்துல சேந்துட்டேன். இருவத்திநாலு லாரி எங்கையில."

முஸ்தபா டீயை வைத்துவிட்டு எழுந்து வந்து திரையைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ரோடு எப்படி என்பதுதான். இரண்டு பேரும் வரைபடத்தை மேசையில் விரித்து, எந்த மேட்டில் லாரி திணறும், எந்தப் பாலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகவேண்டும் என்று அரை நாள் பேசினார்கள்.

முதல் சுற்றில் வேலை எளிது. ரயிலடிக் கிடங்கிலிருந்து பீரங்கிக் குண்டுகளை ஆற்றங்கரை முகாமுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து இன்னொரு நடை அடிக்க வேண்டும். புவனா அழகாகத் திட்டம் போட்டாள். போட்டுவிட்டு, ஆற்றங்கரை முகாமின் இருப்புப் பட்டியலைச் சும்மா இராமல் புரட்டினாள். 'சுட்டு முடித்த பித்தளைக் குண்டுக் கூடுகள், பதினொரு டன், தரையில்' என்று அதில் இருந்தது.

"முஸ்தபாண்ணா, பதினோரு டன் பித்தளை. மண்ணுல கெடக்குதுங்க."

"அதை உட்டுப்போட்டு எப்படிங்க அம்மணி வாரது?" என்றார் முஸ்தபா, நிஜமாகவே பதறிப்போய்.

கோயமுத்தூர்க்காரர்கள் பித்தளையைத் தரையில் விட்டுவிட்டு வந்ததாகச் சரித்திரமில்லை. திரும்பும் லாரிகளில் பித்தளையை ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கொண்டுவரச் சொல்லி புவனா கட்டளை எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வந்தது. பித்தளை ஏற்ற ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டாம் நடை தாமதம். மத்தியானம் பீரங்கிகள் குண்டில்லாமல் வாயை மூடிக்கொண்டன. ஒரு குன்று பறிபோயிற்று. படைத் தலைவர் கர்னல் ஹார்ட்லி, கனடாவில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறவர், கொதித்துப்போய் எழுதியிருந்தார். 'உங்களைப் பழைய இரும்பு பொறுக்க அனுப்பியது யார்? இது முதல் எச்சரிக்கை.'

புவனாவுக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தப்பு அவளுடையதுதான். குண்டு அவசரச் சரக்கு. அவசரச் சரக்கு ஓடும்போது ரிட்டர்ன் லோடுக்கு நிற்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? பித்தளையைக் கண்டதும் புத்தி மழுங்கிவிட்டது.

இரண்டாம் சுற்றில் வாலைச் சுருட்டிக்கொண்டு, போன லாரிகளை அப்படியே காலியாகத் திருப்பினாள். கை கூசத்தான் செய்தது. ஆனால் எல்லா நடையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 'நன்று, லெப்டினன்ட்' என்று கர்னல் ஒரு வரி எழுதினார். அந்த வரிக்காக அன்று ஆபீசுக்கு வந்த அத்தனை டிரைவர்களுக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தாள். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் சுற்று வந்தது. இதில் தேறிவிட்டால் கேப்டன். கர்னலின் கட்டளை தெளிவாக இருந்தது: குண்டுகள் இரண்டு நடை, திரும்பும்போது காலியாக, எங்கும் நிற்காமல். 'காலியாக' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். இந்தத் தடவை இருப்புப் பட்டியலைப் புரட்டவே கூடாது என்று புவனா நினைத்தாள். நினைத்துக்கொண்டே புரட்டினாள்.

ஆற்றங்கரை முகாமில் காயம்பட்டவர்கள் எண்பத்தாறு பேர். நம்மவர்கள் அறுபத்தேழு, பிடிபட்ட எதிரிகள் பத்தொன்பது. மருத்துவப் பிரிவின் வண்டிகள் அவர்களை ஏற்ற வருவது இரண்டு நாள் கழித்து. விதிப் புத்தகத்தில், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒருவர் இறப்பார் என்று போட்டிருந்தது. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள். முப்பத்தொரு பேர்.

"அது மருத்துவக்காரங்க வேலைங்கண்ணா. நம்ம வேலை இல்லை" என்றாள் முஸ்தபாவிடம், அவர் ஒன்றும் கேட்காதபோதே.

"ஆமாங்க" என்றார் முஸ்தபா. பிறகு வரைபடத்தில் விரலை ஓட்டி, "லாரி அந்தப் பக்கமாத்தானுங்க காலியா வருது?" என்றார்.

"வருது. அதான் காலியா வரோணும்னு சொல்லிப்போட்டாங்களே."

"சொன்னா சரிதானுங்க."

புதன்கிழமை முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. லாரிக்கு நாலு பேரைப் படுக்கவைத்தால் இருபத்திரண்டு லாரி போதும். ஏற்ற இரண்டு மணி நேரம். இரண்டாம் நடை அவ்வளவு தாமதமாகும். பீரங்கிகள் முக்கால் மணி நேரமாவது வாயை மூடும். பித்தளை விஷயத்தில் யோசிக்காமல் செய்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் அப்படிச் சொல்ல முடியாது. இது இரண்டாவது மீறல். பட்டியலில் பெயர் வராது. அந்தப் பெயருக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது, பயமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது எழுதினாள். 'திரும்பும் லாரிகளில் காயம்பட்ட எண்பத்தாறு பேரையும் ஏற்றவும். வைக்கோல் பரப்பவும். நம்மவர், எதிரி என்று பிரித்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.' அனுப்பிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கையில் எண்பத்தாறு பேரும் உயிரோடு இருந்தார்கள். பீரங்கிகள் ஐம்பது நிமிடம் வாய் மூடியிருந்தன. படை அரை மைல் பின்வாங்கியிருந்தது. கர்னலின் கடிதம் சுருக்கமாக இருந்தது. 'மறுபடியும் மீறியிருக்கிறீர்கள். அதுவும் எதிரிகளை நம் லாரியில் ஏற்றியிருக்கிறீர்கள். அவர்கள் வெறும் எண்கள், லெப்டினன்ட். எண்களுக்காக ஒரு போர்முனையை விட்டுக்கொடுத்தீர்கள். நீங்கள் நீக்கப்படுகிறீர்கள்.'

புவனா ஒரே ஒரு வரி பதில் எழுதினாள். 'குண்டுகளும் எண்கள்தானே, ஐயா?'

பேப்பர் படிக்க வந்த அப்பா அவள் கண்ணைப் பார்த்துவிட்டார். "ஏங் கண்ணு, ஒரு மாதிரியா இருக்கறே?"

"ஒரு வேலையில இருந்து எடுத்துப்போட்டாங்கப்பா."

"நம்ம ஆபீசுலயா?" என்றார் ஆறுச்சாமி திடுக்கிட்டு. புவனாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. இல்லாத போரில், இல்லாத லாரி போனதற்கு அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அதற்காக அழுகை நின்றுவிடவில்லை.

நாலு நாள் அவள் இணைப்பையே போடவில்லை. வெள்ளிக்கிழமை தம்பியின் கடிதத்துக்காகத் திறந்தபோது, பழக்கமில்லாத பெயரில் ஒரு கடிதம் இருந்தது. நியூசிலாந்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் ஒருவர். தென்கரைப் படையின் தலைவர். அதாவது, எதிரி.

'நடுவரின் அறிக்கை எங்களுக்கும் வரும். எங்கள் ஆட்கள் பத்தொன்பது பேரை நீங்கள் உங்கள் லாரியில் ஏற்றிக் காப்பாற்றியிருக்கிறீர்கள். பத்தொன்பது பேரும் பிழைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். உங்களை நீக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் போக்குவரத்து அதிகாரி சலித்துப்போய் விலகிவிட்டார். எங்களிடம் வருகிறீர்களா? வழக்கம்போல மூன்று சுற்று பழகுநர் காலம்.'

சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னதும் முஸ்தபா நெற்றியைச் சுருக்கினார். "எதிர்க் கட்சிக்கு ஓட்டலாமுங்களா அம்மணி?"

"அவங்க லோடு இல்லைன்னு அனுப்பிச்சுட்டாங்க. இவங்க லோடு இருக்குதுங்கறாங்க. லாரி எங்கண்ணா நிக்கும்?"

"லோடு இருக்கற பக்கந்தானுங்க" என்றார் முஸ்தபா, மனசு தெளிந்து.

ஒரு மாதம் முன்பென்றால் அந்தக் கடிதத்துக்குக் கைகூப்பிப் பதில் எழுதியிருப்பாள். இப்போது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு யோசித்தாள். பிறகு எழுதினாள். 'வருகிறேன். பழகுநர் காலம் வேண்டாம். என் மூன்று சுற்றையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். போகும்போது என்ன ஏற்றுவது என்பதை நீங்கள் சொல்லுங்கள். வரும்போது என்ன ஏற்றுவது என்பதை நான் சொல்வேன். சம்மதமென்றால் எழுதுங்கள்.'

எழுதிய வேகத்தில் அனுப்பியும் விட்டாள். அனுப்பியபின் அதிகப்பிரசங்கித்தனமாகப் போய்விட்டதோ என்று சனிக்கிழமை முழுக்க அந்தக் கடிதத்தையே திறந்து திறந்து படித்தாள்.

திங்கட்கிழமை காலை பதில் வந்திருந்தது.

'சம்மதம், கேப்டன். உங்களுக்கு எத்தனை லாரி வேண்டும்?'

புவனா அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனை வேண்டும் என்று ஒருவர் அவளைக் கேட்டது, ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவை. முப்பது இருந்தால் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும் என்று அவளுக்குத் தெரியும். கேட்கிறவர் புதுசு, எப்படியும் பத்தைக் குறைப்பார்.

நாற்பது என்று அடித்து அனுப்பினாள்.