ரயிலடிக் காட்சிக்கு ஒரு குரல்

1983 ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாவட்ட நூலகத்தின் மாடி அறையில், திரைப்படச் சங்க உறுப்பினர்களுக்காகப் பழைய ஜப்பானியக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று காட்டப்பட்டது. பிரதியில் சப்டைட்டில் இல்லை.

சங்கத்துக்கு அது பழகிப்போன விஷயம். தூதரகம் இலவசமாக அனுப்பும் படப்பெட்டிகளில் பாதி அப்படித்தான் வரும். சனிக்கிழமை மாலை வந்து திங்கள் காலை திரும்பிவிடும் என்பதால் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவும் முடியாது. ஆனால் அந்தப் படங்களில் பல, நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் சிலவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு கீழ்த்தளத்து அலமாரியில் இருந்தது. துணை நூலகராக இருந்த பெண் நாவலைப் படித்து, பேச்சுகளைத் தமிழில் எழுதிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் மேசை விளக்கோடு உட்கார்ந்துகொள்வாள். யாராவது வாய் திறந்தால் மைக்கில் வாசிப்பாள். நாவலில் இருப்பவரைப் படத்தில் நீக்கிவிட்டிருப்பார்கள். இரண்டு பேரை ஒருவராக்கியிருப்பார்கள். ஒருமுறை மாமனாரின் ஆத்திரத்தை எல்லாம் அவள் பால்காரருக்குக் கொடுத்துவிட்டாள். பால்காரர் மருமகளைப் பார்த்து, "என் சொத்துல ஒரு துரும்புகூடக் கிடையாது" என்றபோது சிரிப்பில் அறையே குலுங்கியது. அவளுக்கு 'மைக்கு' என்று பெயர் விழுந்தது அன்றுதான்.

ஆகஸ்ட் மாதப் படத்தில் யாரும் சிரிக்கவில்லை. வடக்கே சுரங்க வேலைக்குப் போகிறான் ஒருவன். வழியனுப்ப மனைவி ரயிலடிக்கு வருகிறாள். மழை. பெஞ்சில் துணி மூட்டை. அதன் முடிச்சை அவள் அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். நிமிர்ந்து ஏதோ சொல்கிறாள். மேசை விளக்கின் பக்கமிருந்து குரல் வந்தது. "போகாதீங்க. நீங்க இல்லாத வீட்டுல நான் எந்த மூலையில உக்காருவேன்?" அவன் தலையாட்டுகிறான். வண்டி ஏறிப் போய்விடுகிறான்.

இரண்டாவது வரிசையில் கட்டட வரைபடம் போடுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் முன்பே வந்து நாற்காலி போடுகிறவர். அந்த வியாழக்கிழமை அவர் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் போகவில்லை. நகராட்சியின் வரைபடப் பிரிவில் சேர்ந்து, அடுத்த ஆண்டு மைக்கைக் கல்யாணம் செய்துகொண்டார்.

ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "ஒரு படத்துல ஒரு பொண்ணு போகாதேன்னா. அவன் கேக்கல. நான் கேட்டேன்." பிள்ளைகளின் நண்பர்களுக்கு, அலுவலகத்துப் பிரிவுபசாரத்தில், பல் பிடுங்கக் காத்திருக்கும் இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். அவள் பக்கத்தில் இருந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதையின் வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவரோடு போக இருந்த நண்பர் போய், சம்பாதித்துத் திரும்பி, மூன்று மாடி கட்டியிருந்தார். அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வந்தவர் தன் வீட்டுப் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "சினிமா பாத்து வாழ்க்கைய முடிவு பண்ணவன் நான் ஒருத்தன்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த மாதத்தில் அதையே இன்னும் சில முறை சொன்னார். சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் திரைப்படச் சங்கத்தின் செக்ரட்டரி போன் செய்தார். சங்கமே போய்விட்டாலும் அவர் இன்னும் செக்ரட்டரிதான்.

"சார், நம்ம படத்தப் புதுசா சுத்தம் பண்ணி வெளியிட்டிருக்காங்க. காலேஜ் பசங்க போடுறாங்க. சப்டைட்டிலோட. முடிஞ்சதும் நீங்க பழைய கதையச் சொல்லணும்."

அவர் சட்டையை அன்றே இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

நடிகையின் உதடுகள் மூடிய பிறகும் தன் குரல் போய்க்கொண்டிருந்தது அவளுக்கு அன்றைக்கே தெரியும். அந்தப் பெண் சொன்னது ஏதோ சின்ன வாக்கியம். இந்த வீடும் இரண்டு பிள்ளைகளும் இத்தனை வருஷமும், அந்தப் பெண் சொல்லாத ஒன்றின் மேல் நின்றன. அவர் இப்போதுதான் கணக்குத் தப்பாகிவிட்டதோ என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறார். இந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டுமா?

"மாடி ஏறணுமாம். உங்க முட்டிக்கு ஆகாது."

"லிஃப்ட் இருக்கு மைக்கு. கேட்டுட்டேன்."

"எனக்குத் தலை வலிக்குதுங்க."

"அப்ப நீ வீட்டுல இரு. நான் போய்ட்டு வரேன்."

அவளும் போனாள்.

கல்லூரி அரங்கில் குளிர் அதிகமாக இருந்தது. கீறல்கள் போய்ப் படம் பளிச்சென்று இருந்தது. மழையின் ஒவ்வொரு கம்பியும் தெரிந்தது. சமையல் பாத்திரங்களை அடுக்கிவைக்கும் சத்தம், மரக்கதவு நகரும் சத்தம் என்று, அன்று தன் குரல் மூடிவைத்திருந்த எத்தனையோ சத்தங்களை அவள் இப்போதுதான் கேட்டாள். இது தான் நினைத்ததைவிட நல்ல படம் என்று தோன்றியது. ரயிலடி வந்தது. மூட்டை, முடிச்சு. பெண் நிமிர்ந்தாள். அடியில் எழுத்து வந்தது: மதியச் சாப்பாட்டை மூட்டையில் மேலாக வைத்திருக்கிறேன்.

அவன் தலையாட்டினான். வண்டி போனது.

அவள் பக்கத்தில் பார்க்கவில்லை. "தப்பாப் போட்டிருக்கான்" என்று அவர் சொல்வது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "தப்பாத்தானே போட்டிருக்கான்?"

"இல்லீங்க. அவ அதுதான் சொல்றா."

"அப்ப புஸ்தகத்துல?"

"புஸ்தகத்துல அவ மனசுக்குள்ள நினைக்கிறா. அரைப் பக்கம். வாயத் தொறக்க மாட்டா. டைரக்டர் சாப்பாட்ட வச்சு அதச் சொல்லிட்டாரு."

முன்வரிசை மாணவி திரும்பிப் பார்த்தாள். படத்தில் மனைவி வீட்டுக்கு வந்து, நனைந்த செருப்பைச் சுவரோரம் சாய்த்து வைத்து, வெறும் அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

விளக்குகள் எரிந்தன. செக்ரட்டரி அவரைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். "இவரு வாழ்க்கையே இந்தப் படம்தான்" என்று அறிமுகம் செய்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் மைக்கின் முன்னால் நின்று கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்தார்.

"அப்பல்லாம் சப்டைட்டில் கிடையாது" என்றார். "நாவலப் படிச்சவங்க ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து சொல்வாங்க. அதனால நாங்க பாத்த படம் கொஞ்சம் வேற." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாற்காலியெல்லாம் நான்தான் போடுவேன். அவ்வளவுதான்."

செக்ரட்டரி, "சார், அந்த ரயிலடி..." என்று எடுத்துக்கொடுத்தார்.

"இப்பதான பாத்தாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றார்கள். அவர் ஏதாவது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். அந்தக் காகிதத்தில் அந்த வரியை எழுதியபோது அவர் கிளம்ப இருந்த வியாழக்கிழமை ஞாபகத்தில் இருந்ததா? இருந்தது. வேறு எந்தப் படத்திலும் மனதுக்குள் நினைப்பதை அவள் வாசித்ததில்லை. அவர் எதிர்ச்சுவரில் கிழிந்து தொங்கிய விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அவன் போயிருக்கக் கூடாது" என்றார் ஒருமுறை. படத்தைச் சொன்னாரா, மூன்று மாடி நண்பரைச் சொன்னாரா, தெரியவில்லை.

அடுத்த மாதம் சம்பந்தி வீட்டு விருந்தில், புது மாப்பிள்ளையின் பெரியப்பா அவரிடம், அந்தக் காலத்தில் விசா கையில் இருந்தும் ஏன் போகவில்லை என்று கேட்டார்.

"இவ போகாதேன்னு சொன்னா" என்றார் அவர், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

பெரியப்பா சிரித்தார். அவள் அன்று எழுந்து போகவில்லை.