திரும்பி வந்த பெட்டி

திரும்பி வந்த பார்சல்களைச் சரிபார்ப்பது விநியோக மேலாளரின் வேலையே அல்ல. அதற்கென்று ஆள் உண்டு. அன்று அவர் விடுப்பு. அதனால்தான் மேலாளர் காலை எட்டரைக்குக் கிடங்கின் பின்பக்கம் நின்று, கதவு பூட்டியிருந்தது, முகவரி தப்பு, வேண்டாமென்றுவிட்டார் என்று ஒட்டியிருந்த காரணங்களைப் படித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வந்தது. பெறுநர் இறந்துவிட்டார் என்றிருந்தது. ‘அடப் பாவமே’ என்று அதையும் அடுக்கில் வைத்தவர், பெயரை அப்புறம்தான் பார்த்தார். அண்ணன் பெயர்.

இதே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றது மனது. தெருவும் கதவு எண்ணும் அதை நிற்க விடவில்லை. அப்பாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துக்கொள்வது என்பதில் வார்த்தை தடித்து, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவர் படியிறங்கிய வீடு. பதினோரு வருஷம் ஆகிறது.

கணினியில் தேடினார். மூன்று வருஷத்தில் நாற்பத்தேழு பார்சல்கள், எல்லாம் இந்தக் கிடங்கின் வண்டியில்தான் போயிருந்தன. ஒரு சீப்பு. ஒற்றை பல்பு. ஒரு நகவெட்டி. தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாமான்கள். ஒரு நாளைக்கு ஆறாயிரம் பார்சலுக்கு வழி பிரித்துக் கொடுப்பவர் கண்ணில் இது ஒன்றுகூடப் பட்டதில்லை.

வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த டெலிவரிக்காரரிடம் பெட்டியைக் காட்டினார்.

"இந்த வீட்டுல என்ன சொன்னாங்க?"

"அவர் போய்ப் பத்து நாளாச்சாம் சார், அந்தம்மா சொன்னாங்க. நல்ல மனுஷன். தண்ணி குடுக்காம அனுப்ப மாட்டாரு. உங்களக்கூட விசாரிப்பாரு."

"என்னையா?"

"உங்க மேனேஜருக்கு சுகர் எப்படி இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடுறாரான்னு கேப்பாரு. போன வருஷம் நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ரெண்டு நாளைக்கு ஒரு ஆர்டர் போட்டாரு சார்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க."

"சொல்லிடாதப்பான்னு கேட்டுக்கிட்டாரு."

பின்னால் சரக்கு வண்டி ஹாரன் அடித்தது. மேலாளர் வழியிலேயே நின்றார். யாரோ தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தியது மட்டும் தெரிந்தது.

பத்து மணிக்குள் அந்த வீட்டு வாசலில் இருந்தார். அண்ணி கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

"மூணு தடவ போன் பண்ணேன். மணியே அடிக்கல."

அடித்திருக்காது. இந்த வீட்டுப் போன் எண்கள் எல்லாவற்றையும் மேலாளர்தான் சண்டை போட்ட அன்றைக்கே தன் போனில் தடுத்து வைத்தார். பெட்டியை நீட்டினார். அண்ணி வாங்கி, ஒட்டியிருந்த தாளை நிதானமாகப் படித்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

மேலாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். தாள் எதுவும் கொண்டு வரவில்லை. அண்ணி பேனாவைத் திறந்து பிடித்தபடி காத்து நின்றார்.