உப்புத் தடவிய நிச்சயதார்த்தம்

அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸில் பிறந்துவிட்டு அதையே ஒளித்துவைக்க நினைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மகள் சல்வானியின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மஸ்துரா போன் செய்தார்.

"அண்ணே, நாங்க வர்றப்ப அன்னாசி கண்ணுல படாம பாத்துக்குங்க. பொம்பளைங்களுக்கு அது ஆகாது, கர்ப்பப்பைக்குக் கேடு. சல்வானியும் இன்னையோட நிறுத்திரட்டும். சத்துக்கு நான் மாத்திரை தரேன்."

அவர் விற்கும் மாத்திரை அன்னாசிச் சாற்றில் செய்தது. டப்பாவில் படமே போட்டிருக்கும்.

நான் "சரிங்க" என்றேன். வீட்டு வாசலிலேயே சாலையோரமாகப் பழக்கடை போட்டு, 'அன்னாசியின் பதினான்கு நன்மைகள்' என்று பலகை எழுதி வைத்திருப்பவன் பேசிய வீர வசனம் அதுதான். பதினோராவது நன்மை, வழுக்கையில் முடி வளரும். அதற்குக் கீழேதான் நான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் வாசலில் கிடந்த பழக்குவியலைத் தார்ப்பாயால் மூடினேன். பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். நாங்கள் வைக்கும் ஏழு சீர்த்தட்டுகளில் ஒன்றில் கொண்டையோடு நின்ற அன்னாசியை எடுத்துவிட்டு ஆரஞ்சை அடுக்கினேன். பின்பக்கம் நான்கு ஏக்கர் தோட்டம், அதற்கு ஜன்னல் திரை. பழத்தின் பெயரையே சுமந்து நிற்கும் ஊர்ப் பெயர்ப்பலகையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"சாத்தே கறி ராத்திரியே அன்னாசிச் சாறுல ஊறிடுச்சு," என்றாள் மனைவி பைனா. "அதுக்கும் தார்ப்பாய் போடுவியா?"

சல்வானி வாசலைப் பார்த்தாள். "பயந்தாங்கொள்ளிப்பா நீ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மஸ்துரா உறவுப் பெண்களோடு ஐந்து தட்டுகள் கொண்டுவந்தார். எங்கள் மலாய் வழக்கப்படி மாப்பிள்ளை வரவில்லை. அவன் அம்மாதான் மோதிரம் போட வேண்டும். "கறி வெண்ணெயா கரையுதே," என்று குச்சியில் குத்திச் சுட்ட சாத்தேயில் நாலு குச்சி சாப்பிட்டார். நானும் பைனாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மோதிரத்துக்கு நேரமானது. சல்வானி பட்டுடையில் வந்தாள், கையில் ஒரு தட்டோடு. தோலின் கண்களைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கி எடுத்து, உப்புத் தடவி வெட்டிய அன்னாசி. எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

"மகளே, உன் நல்லதுக்குத்தான சொன்னேன்," என்றார் மஸ்துரா.

"தெரியும் அத்தை. எங்கம்மா மாசமா இருந்தப்பல்லாம் இந்தத் தோட்டத்துலதான் களை எடுத்தாங்க. பசிச்சா இதத்தான் தின்னாங்க. நாங்க அஞ்சு பேரு பொறந்தோம். ஆஸ்பத்திரியில மருந்து எடுத்துக் குடுக்குறவ நான். இதுல வைட்டமின் சி இருக்கு, நார் இருக்கு. அளவில்லாம தின்னா வாய் எரியும், வயிறு புளிக்கும். கர்ப்பப்பைய ஒண்ணும் பண்ணாது."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"எங்கப்பா பலகையும் புளுகுதான். பதினாலுல நாலுதான் தேறும்."

நிமிர்ந்த நெஞ்சு பழைய இடத்துக்கே வந்தது.

"நீங்க புகழ்ந்த கறி ஊறினது அன்னாசிச் சாறுல. உங்க மாத்திரைக்குள்ள இருக்கறதும் அதே பழம்தான அத்தை?"

வந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"உங்க வீட்டுக்கு வந்தாலும் சாப்பிடுவேன். ஒளிஞ்சு சாப்பிட மாட்டேன். ஒத்துவராதுன்னா உங்க தட்டெல்லாம் அப்படியே இருக்கு, எடுத்துக்குங்க." சொல்லிவிட்டுத் தட்டை மடியோடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பையனை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். மகளை அதட்டப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி தூரம்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். கால்கள் வாசலுக்குப் போய்விட்டன. தார்ப்பாயைப் பிடித்து உருவினேன். காலை வெயிலில் வெந்த பழ வாசனை வீடு முழுக்க நுழைந்தது. ஒரு பழம் உருண்டுபோய், மஸ்துரா வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்பில் முட்டி நின்றது.

"எங்க வீட்ல இதாங்க இருக்கு," என்றேன். குரல் கிறீச்சிட்டது. வீரத்துக்குப் பழகாத தொண்டை.

மஸ்துரா பழத்தைப் பார்த்தார், பிறகு பெண்ணைப் பார்த்தார். "கல்யாணமான புதுசுல தின்னுட்டு ரெண்டு நாள் நாக்கு வெந்து கெடந்தேன்," என்றார்.

"உப்பு தடவுனீங்களா?" என்றாள் பைனா.

"யாரு தடவுனா? அப்படியே வெட்டி வெச்சாங்க."

சல்வானி தட்டை நீட்டினாள். மஸ்துரா ஓரத்துத் துண்டு ஒன்றை எடுத்து மென்றார்.

"புளிப்பு," என்றார். பொய். அடுத்த துண்டையும் எடுத்தார்.

"சரி, போய்க் கையக் கழுவிட்டு வா, மோதிரம் போடணும்."

"இப்படியே போடுங்க அத்தை."

அளவில் கொஞ்சம் சிறிதாகிப்போன மோதிரம், சாறு வழிந்த விரலில் ஒரே வழுக்கில் ஏறியது.

மறுநாள் சல்வானி என் பலகையில் பத்து நன்மைகளைத் தார் பூசி அழித்தாள். மிச்சம் நான்கு: வைட்டமின் சி, நார்ச்சத்து, தாகம் தீரும், கறி மிருதுவாகும். அடியில் ஐந்தாவதாக ஒன்றைப் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: இறுகும் மோதிரம் ஏறும். அவள் இன்னும் பார்க்கவில்லை.