அணியம் எந்தப் பக்கம்

...அல்லது ஒட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போலக் கோப்பிக்குத் தண்ணீர் வைக்கலாம், ஆனால் இந்த வீட்டில் பசை எங்கே இருக்கிறது, அது கிளறா மச்சாளுக்குத்தான் தெரியும், மச்சாளோ மன்னாரில், புருசன் வீட்டுக் கல்யாணத்தில், அடுத்த கிழமைதான் வருகிறார், அதுவரை இந்த வேலையை நான் வைத்திருக்க வேண்டும், வைத்திருக்கிறேன், ஒரு கையில் வேலையும் மறு கையில் பீரங்கிக் கூடுமாக... பெருவிரல் அளவுதான், இரண்டு குழல்கள், வீட்டில் காட்சிக்கு வைத்த சின்னக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து கழன்று உள்ளங்கையில் வந்து விழுந்தது, பழுத்த பழம் மாதிரி, சத்தமே இல்லாமல். அடுத்த அறையில் சிஞ்ஞோரே, நான் பார்த்துக்கொள்கிற இந்த வீட்டுக் கிழவர், மத்தியானத் தூக்கத்தில் குறட்டை விடுகிறார். விடட்டும். அந்தக் குறட்டை ஓடுகிறவரை இந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. போகும்போது மச்சாள் வாசலில் நின்று சொன்னது ஒன்றே ஒன்றுதான், மருந்தைப் பற்றி அல்ல, சாப்பாட்டைப் பற்றி அல்ல: "கப்பலிலை மட்டும் கை வையாதையும், விமல். தூசி எண்டாலும் கிடக்கட்டும்."

எங்கள் கோவில் பங்குச் சனத்திடம் இது வழமை, ஊருக்குப் போகிறவர் வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார், வாங்கியவர் கீறல் விழாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுக்கவும் கூடாது, அதைவிட முக்கியம், நன்றாகவும் செய்யக்கூடாது. யசிந்தனுக்குப் பதிலாக ஒரு வீட்டு வேலைக்குப் போன கிறிகோரி கத்தரிக்காயை அந்த வீட்டு அம்மாவுக்குப் பிடித்த மாதிரிப் பொரித்துவிட்டான், யசிந்தன் திரும்பி வந்து மணி அடித்தபோது அந்த அம்மா கதவைத் திறந்து யார் நீங்கள் என்று கேட்டாராம், இன்றைக்கும் இரண்டு பேரும் பூசையில் கோவிலின் இரண்டு அந்தத்தில் இருக்கிறார்கள், சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் வந்தால் கிறிகோரி குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிறான். அதனால் நான் கவனமாகச் சுமாராகச் சமைத்தேன். சுமாராகத் துடைத்தேன். மொண்டெல்லோக் கடற்கரையில் கோடை முடிந்து நான் வேலை செய்த உணவகம் பூட்டியபிறகு எனக்கு வேறு வேலை இல்லை, இருந்தும் மச்சாள் வராமல் விட்டால் என்ன என்று ஒருநாளும் நினைக்கவில்லை... நினைத்தேனா? ஒரு தடவை, பாத்திரம் கழுவும்போது. ஆனால் அது தண்ணீர்ச் சத்தத்தில் வந்த நினைப்பு.

ஏன் தொட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது. தூசியால் அல்ல. அணியம், கப்பலின் முன்பக்கம். எங்கள் ஊர் பேசாலையில் கரையேற்றிய வள்ளம் கடலைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், அப்பா நாலு பேரைப் பிடித்தாவது திருப்பி வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார், இஞ்சையோ துறைமுகம் யன்னல் பக்கம் இருக்க, கப்பல் தன் மூக்கைச் சமையலறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, வெங்காயம் வாங்கப் போகிற மாதிரி. வந்த நாள் முதல் கண்ணில் குத்தியது. இன்றைக்கு வேறு சிஞ்ஞோரே மறுபடி அந்தக் கதையைச் சொன்னார், இந்தச் சின்னதின் அசல், டா பார்பியானோ, போருக்கு முன் கட்டிய வேகப் போர்க்கப்பல்களில் ஒன்று, சோதனை ஓட்டத்தில் உலகத்தையே வாயைப் பிளக்க வைத்த வேகம், பிறகு குரலைத் தாழ்த்தி, ஓடும்போது பீரங்கி எல்லாம் ஏற்றியிருக்கவில்லையாம், தகடும் பிஸ்கற் ரின் கனம்தானாம். அந்தக் கப்பல்களின் பெயர்களோ பழைய கூலிப்படைத் தலைவர்களுடையவை, பணம் கொடுத்தவனுக்காக மற்றவனுடைய சண்டையைப் பிடித்தவர்கள். அப்படியென்றால் என் பெயரிலும் ஒரு கப்பல் விடலாமே என்று நினைத்தேன், விமலராஜ், மெல்லிய தகடு, சுமாரான வேகம், கிளறாவுக்குப் பதிலாக ஓடுகிறது... அவர் படுக்கப் போனதும் எழுந்து கப்பலை யன்னல் பக்கம் திருப்பினேன். கூடு விழுந்தது.

பிறகுதான் அதன் அடியைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும், தினமும் காலையில் சிஞ்ஞோரேயின் பொய்ப்பல்லுச் செற்றில் நான் பூசுகிற பசை. ஆகவே மச்சாள்! என்னை வாசலில் மறித்துக் கட்டளை போட்ட மச்சாள், முதலில் உடைத்துப் பல்லுப் பசையால் ஒட்டியவர். எவ்வளவு ஆறுதல். குளியலறையிலிருந்து குழாயை எடுத்து வந்து தாராளமாகப் பிதுக்கினேன், கூட்டை அமத்தினேன், ஓரங்களில் வழிந்தது, விரலால் வழிக்கும்போது குறட்டை நின்றது. எப்போது நின்றது? திரும்பினேன். ஊன்றுகோலோடு வாசலில் நிற்கிறார், பல் இல்லாத வாயைத் திறந்தபடி, என் கையில் இருக்கிற குழாயைப் பார்க்கிறார், பல் கட்டத்தான் நிற்கிறேன் என்று நினைத்தாரோ, பிறகு கப்பலைப் பார்த்தார். வாயை மூடினார்.

யார் திருப்பியது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் இத்தாலியனில் விளக்கினேன், எங்களிடம் படகு கரையில் கடலைப் பார்க்கும், வேலைக்குப் போக ஆயத்தமாக. அவர் நாற்காலியில் மெதுவாக இருந்தார். "வேலைக்கு ஒரு தடவை போனது போதும்," என்றார். அவருடைய அப்பா அந்தக் கப்பலில் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் போனாராம், ஒரு டிசம்பர் மாலை, தளம் முழுக்கப் பெற்றோல் பீப்பாக்கள், திரும்பவில்லை. இவர் அப்போது அம்மாவின் வயிற்றில். இந்தக் கப்பலைச் செய்வித்து மூக்கை வீட்டுக்குள் பார்க்க வைத்தவர் அம்மா. "இது திரும்பி வருகிற கப்பல், விமாலோ."

மறுபடி வீட்டுப் பக்கமே திருப்பினேன். கூடு மறுபடி விழுந்து, உருண்டு, அவருடைய செருப்பின் நுனியில் போய் முட்டி நின்றது. முடிந்தது, மச்சாளின் வேலை போயிற்று, இனி நானும் கோவிலில் குனிந்து கயிறு கட்ட வேண்டியதுதான்... அவர் கூட்டைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார், அங்கே கிளறா மறைந்து நிற்பது போல. "கிளறாவுக்குச் சொல்லாதே," என்றார், மிகத் தாழ்வாக. "முந்தி நான் உடைத்தேன் என்று தெரிந்தால் சுருட்டை ஒளித்த அலுமாரிக்குள் இதையும் வைத்துப் பூட்டிவிடுவாள்." குழாயைக் கேட்டு வாங்கினார். பழகிய கை, ஒரு துளி, அவ்வளவுதான். அதிகம் பூசினால் பிடிக்காது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு, இரவுக்கு உருளைக்கிழங்கு செய்வாயா, உன்னுடைய மாதிரி என்றார். என்னுடைய மாதிரி. சுமாராகத்தானே செய்தேன்? மச்சாளின் வேலையில் இப்போது மச்சாளுக்குத் தெரியாத ஒரு ரகசியம் இருக்கிறது, அவரும் நானும் மட்டும் வைத்திருப்பது, இதை எப்படிக் கீறல் விழாமல் திருப்பிக் கொடுப்பது... கோப்பி வைக்கப் போகும் வழியில், தெருவாசல் கதவருகே, நான் தினமும் கழற்றி வைக்கிற சப்பாத்துகளைப் பார்த்தேன். இரண்டும் கதவைப் பார்த்து நின்றன, வெளியே போக ஆயத்தமாக. எந்த வீட்டிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேனா? குனிந்தேன். ஒன்றைத் திருப்பினேன். மற்றதில் கை வைத்தபடி, கோப்பி பொங்கும் சத்தம் கேட்கும்வரை, அப்படியே இருந்தேன்.