ஒரு மணி நேரத்தில் வந்த ரத்தம்

தம்பிக்கு ஒரு மணி நேரத்தில் ரத்தம் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அவனுக்கு அப்படியெல்லாம் கிடைக்காது. பிறந்த எட்டாம் மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தத்தில் ஓடுகிற உடம்பு அது. இரண்டு வருடத்துக்கு முன் அதற்குத் திடீரென்று ரோஷம் வந்து, ஏற்றிய ரத்தத்தோடு மல்லுக்கு நின்றது. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, பத்து நாள் படுத்துக் கிடந்தான். அன்றிலிருந்து அவனுக்கென்று சல்லடை போட்டுத் தேடிய ரத்தம்தான். அதற்கு இரண்டு நாளாவது ஆகும். எனக்கு மாப்பிள்ளை கிடைத்ததே இதைவிடச் சுலபம்.

ஊர் மாறி வந்த எங்களுக்கு இது புது மருத்துவமனை. மருந்துக்கடை வரிசையில் நின்றுவிட்டு வருவதற்குள் ரத்தப் பையைக் கம்பியில் மாட்டியிருந்தார்கள்.

"சிஸ்டர், திறக்காதீங்க!" என்று கத்தினேன்.

ரத்த வங்கி டெக்னீசியன் தாளோடு ஓடி வந்தார். "டெஸ்ட்ல எதிர்ப்பு எதுவும் தெரியலம்மா. இதுக்கு முன்னாடி ரத்தம் ஒத்துக்காம போயிருக்கான்னு கேட்டேன். இல்லன்னு சொன்னாரே?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"எந்த ரத்தம் ஆகாதுன்னு பழைய ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்த அட்டை எங்கடா?"

"வீட்ல."

தம்பி ஐயாவின் புத்தி தெரிந்துதான் அதன் நகலைச் செல்போன் உறைக்குள் வைத்திருக்கிறேன். எடுத்து நீட்டினேன். படித்ததும் டெக்னீசியன் முகம் மாறியது. பையை அவரே கழற்றினார்.

"நாளாக ஆக இந்த எதிர்ப்பு டெஸ்ட்லயே தெரியாத அளவுக்குக் குறைஞ்சிடும் தம்பி. ஆனா உடம்பு மறக்காது. அதே மாதிரி ரத்தம் உள்ள போனா ஒரு வாரத்துல பழைய சண்டை மறுபடி ஆரம்பிச்சிடும். பொருத்தமானது வர வியாழக்கிழமை ஆகும்."

அவர் போனதும் பிடித்துக்கொண்டேன். "பொய் சொல்ற அளவுக்கு என்னடா அவசரம்?"

"நாளைக்கு உன் கல்யாணம்க்கா. பதிவு ஆபீஸ் மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இப்ப என்னால நாலு படி ஏற முடியல. சாட்சிக் கையெழுத்து நான்தான் போடுவேன்னு சொன்னேன்ல?"

அறைய ஓங்கிய கை அவன் தலைமுடியைக் கோதியது. படுபாவி, அழ வைத்துவிட்டான்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "கல்யாணம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போகுது."

"என்னாச்சு?"

"சாட்சிக்கு இன்னும் ரத்தம் வரல."

"சரி. இஸ்திரி போட்ட சட்டையை மறுபடி மாட்டி வச்சிடறேன்," என்றார். இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மறுபடியும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை புதுச் செருப்பு கடித்து, இரண்டாவது மாடியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தேன். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்னக்கா, இதுக்கே மூச்சு வாங்குதா? சீக்கிரம் வா, பேனா மூடியைக் கழட்டிட்டேன்."