வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்

தராசுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் தன் கடையிலும், அங்கிருந்து நான்கு தெரு தள்ளியிருந்த நற்பணி மன்றத்திலும் ஒரே சமயத்தில் இருந்தார். கடையில் ஒரு காய்கறிக்காரரின் தராசுக்கு முள் மாற்றிக்கொண்டிருந்தார். மன்றத்தில் ரத்ததான முகாமுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் அவரைப் பார்த்தவர்கள் உண்டு, இரண்டு தரப்பும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. அன்று வெயில் சுமார், தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

இப்படி ஒரு காரியம் வேறு யாருக்கு நடந்திருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நடந்தது அரைக்கிராமுக்கு. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. எந்தத் தராசை நீட்டினாலும் அரைக்கிராம் அடிக்கிறது என்பார், எந்த மனிதரைப் பார்த்தாலும் அதையேதான் நினைப்பார். மாத்திரை அட்டையைக் கடை வாசலிலேயே எண்ணுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது வேறு யாருக்கோ எழுதி அடித்த விலாசமா என்று ஆராய்வார். இந்தக் குணம் ஒன்பது வருஷத்துக்கு முன் அவருடைய ஒரே அண்ணனின் உறவைக் காவு வாங்கியது. அப்பா விட்டுப்போன பித்தளை எடைக்கற்களில் ஐம்பது கிராம் கல் காணாமல் போக, தம்பிக்காரர் வீடு நிறைய விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணனின் பையைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டினார். பையில் ஒரு துண்டும், மூக்குக்கண்ணாடியும், தம்பி மகளுக்கு வாங்கிவந்த ரிப்பனும் இருந்தன. அண்ணன் துண்டையும் கண்ணாடியையும் பொறுக்கிக்கொண்டு, ரிப்பனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டுப் போனவர்தான். அடுத்த வாரமே கல் பட்டறை மேஜைக்கு அடியில் கிடைத்தது. தராசுக்காரர் அதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

மன்றத்தின் மேலும் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகக் கண். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டியவர்கள், யாரோ பெற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள், யார் வீட்டுக் கிழவரையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்பது அவர் கட்சி. மைத்துனர் அங்கே உறுப்பினரான நாளிலிருந்து அவரையும் அரைக்கண்ணால்தான் பார்த்தார். மருத்துவ முகாமுக்கான எடை இயந்திரம் தகராறு செய்கிறது என்று கூப்பிட்டபோதுதான் முதன்முறையாக மன்றத்துப் படியேறினார். சரி செய்தார், தானே ஏறி நின்று பார்த்தார், நம்பிக்கை வராமல் செயலாளரையும் ஏற்றிப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, எல்லோரும் சொல்வதுபோல "வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு தெருவில் அவருக்கு நன்றிகள் விழ ஆரம்பித்தன. தையல்கடை அம்மா, நூலகத்துக்கு வெள்ளையடித்ததை மெச்சினார். பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளை ரோடு தாண்டிவிடுகிறீர்களே, உங்களைப் போய் என்னென்னவோ நினைத்திருந்தேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் கிண்டல் என்று நினைத்தார். பிறகு ஆள்மாறாட்டம் என்று தீர்மானித்தார். மைத்துனர் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார் என்று சந்தேகப்பட்டு, சட்டைக் காலருக்குள் பென்சிலால் அடையாளம் வைத்தார். மனைவிக்குத் தெரிந்தே நடக்கிறது என்றும் இரண்டு நாள் நினைத்தார். ஆனால் செருப்பு மட்டும் இரண்டு ஆள் நடந்ததுபோலத் தேய்ந்துகொண்டே வந்தது. புதுச் செருப்பு, ஒரே மாதத்தில் குதிகால் போய்விட்டது.

"என்னங்க, செருப்புக்குள்ளயும் அடையாளம் வைக்கப் போறீங்களா?" என்றார் மனைவி.

"நீ சிரி. என்னைய வெச்சு எவனோ நல்ல பேர் வாங்கிட்டிருக்கான்."

"வாங்கட்டுமே. உங்களுக்கு அது ரொம்ப நாளா தேவைப்படுது."

ஒரு வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மன்றத்துக்கு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தார். ஐந்தரைக்கு, அவரே வந்தார். அதே கட்டம்போட்ட சட்டை, அதே இடது பக்கம் சாய்ந்த நடை. வாசலைப் பெருக்கினார், தண்ணீர் தெளித்தார், குழாயடியில் நின்ற ஒரு கிழவியிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு கிழவியின் வீடுவரை போய்விட்டு வந்தார். அது கள்ள ஆள் இல்லை என்பது தராசுக்காரருக்கு ஒரு விஷயத்தில் உறுதியானது. குடத்தைத் தூக்கியதும் எத்தனை கிலோ இருக்கும் என்று ஒரு நொடி கையில் நிறுத்திப் பார்த்தது. அந்தப் பழக்கம் உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. திரும்பி வரும்போது அது டீக்கடையைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்த்ததுபோலக் கையசைத்தது. தராசுக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

நேரே செயலாளரிடம் போனார். செயலாளர் முப்பது வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வதைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தராசுக்காரரின் பெயருக்கு நேரே, மார்ச் பதினொன்று, மாலை நாலு மணி, "வருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"அது கிளம்பறப்ப சொல்றதுங்க! எல்லாரும் சொல்றதுதானே!"

"போறவர் ஏங்க வரேன்னு சொல்லணும்? நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். மறுநாள் வந்துட்டீங்க."

"அது நான் இல்ல. பேரை அடிங்க."

"எப்படிங்க அடிக்கிறது? இன்னிவரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடல அவர். சேர்றேன்னு நாலு பக்கம் எழுதிக் குடுத்தவங்க எல்லாம் எங்கயோ இருக்காங்க."

தராசுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாசற்படியில் நின்று, கூடத்தில் இருந்த பதினேழு பேருக்கும் கேட்கும்படி "நான் போறேன்" என்றார். வரேன் என்றதால் வந்தவன் போறேன் என்றால் போய்விட வேண்டும் என்பது அவர் கணக்கு. யாரும் மறையவில்லை. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டுப் பதறிப்போய்ப் பார்த்தார்கள், ஒரு அம்மா வாயில் அடித்துக்கொண்டார், செயலாளர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். அவமானத்தில் கொப்பளித்துவிட்டுத் திரும்பியபோதுதான் சுவரில் தொங்கிய பணிப்பட்டியல் கண்ணில் பட்டது. அவர் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று குற்றம் பிடிக்கிற விரலால் தடவிக்கொண்டே போனார். செவ்வாய், வெள்ளி, மாலை ஏழு: இடுப்பெலும்பு முறிந்த பெரியவர், தனியாக இருப்பவர், நடக்கப் பழக்க வேண்டும். விலாசம் அண்ணனுடையது.

அண்ணனுக்கு இடுப்பு முறிந்தது அவருக்குத் தெரியாது. அண்ணி காலமானபோது தெரு முனை வரை போய்விட்டுத் திரும்பிவந்தவர் அவர். இப்போது துக்கம் பாதி, பயம் பாதி. அந்த ஆளுக்கு அவர் கையின் பழக்கம் தெரியும் என்றால், பட்டறை மேஜைக்கு அடியில் கிடைத்தது என்ன என்பதும் தெரியும். அண்ணனிடம் அவர் சொல்ல வேண்டியதை அவன் சொல்லி, அவர் வாங்க வேண்டிய மன்னிப்பை அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டால் தனக்கென்று என்ன மிச்சம் இருக்கும்? அந்தத் தேய்ந்த செருப்போடு ஏறக்குறைய ஓடினார்.

கதவு திறந்திருந்தது. மற்றவர் வெளியே வந்துகொண்டிருந்தார், கையில் கழுவிய ஃபிளாஸ்க். இவரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். அதில் கேலி இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன், பக்கத்தில் இரும்பு நடைவண்டி, முக்காலியில் மருந்துப் பெட்டி. தலை முழுக்க நரைத்திருந்தது. தராசுக்காரரின் கை அதன் பாட்டுக்குப் போய் மருந்துப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அட்டையாகத் தேதி பார்த்தது.

"இது போன மாசமே முடிஞ்சுபோச்சு. எவன் குடுத்தான் இதை?"

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்பத்தான் நீ வந்திருக்கே."

"அப்போ அது நான் இல்லன்னு தெரியுமா?"

"நாலு மாசமா வர்றான். ஒரு தடவைகூட யார்மேலயும் சந்தேகப்படல. என் கூடப் பொறந்தவனை எனக்குத் தெரியாதா?" சிரிப்பு நின்றது. "கல்லு மேஜைக்கடியில இருந்துச்சாமே. மன்னிச்சிடுங்கன்னு கால்ல விழுந்தான். நான் மன்னிக்கல. என் பையைக் கொட்டினது அவன் இல்லையே. கொட்டினவன் வரட்டும்னு சொல்லிட்டேன்."

தராசுக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, அது எப்பக் கிடைச்சதுன்னு சொன்னானா?"

"இல்லையே."

"அடுத்த வாரமே."

வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷம் கல் கிடைக்காமலே தம்பி தவித்திருப்பான் என்று ஒரு கணக்கு அண்ணன் மனதுக்குள் வைத்திருந்தார் போலும். அது இப்போது உடைந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவன் நல்லவன், எப்பக் கிடைச்சதுன்னு மட்டும் சொல்லல," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "நீ போ. செவ்வாக்கிழமை வா. அவனை அனுப்பாதே."

அந்த வாரமே பணிப்பட்டியலில் திருத்தம் செய்யப்பட்டது. பதிவேட்டில் தராசுக்காரரின் பெயர் இரண்டு வரிகளில் எழுதப்பட்டு, ஒன்றுக்கு நேரே "கடை" என்றும் மற்றதற்கு நேரே "மன்றம்" என்றும் குறிக்கப்பட்டது, குழப்பம் தீர்ந்தது. மனைவி இரண்டு ஜோடி செருப்பு வாங்கினார். மறுவருஷத் தேர்தலில் மற்றவர் மன்றத்தின் தலைவரானார், எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு, அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் மன்னிப்பதற்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் செவ்வாயும் வெள்ளியும், மழையிலும் காய்ச்சலிலும், அண்ணனின் தோளைத் தாங்கிக்கொண்டு கூடத்தில் நடந்தவர் கடைக்காரர்தான்.