பேசாமல் இருந்தால் சம்மதம்

என் குரலை நம்பி யாரும் ஒரு கோழியைக்கூட என்னிடம் ஒப்படைத்ததில்லை. நான் ‘சூ’ என்று விரட்டினால் அது நின்று, யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்க்கும். எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டில் சொல்லும் காரணம் வேறு. டீச்சர் பெயர் வாசிக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல வாய் வராமல், வகுப்பில் உட்கார்ந்தபடியே பாதி வருஷம் ஆப்சென்ட் ஆனவள் நான்.

அதனால், அத்தா மௌத்தாகி, அடக்கம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, கோவளத்து வீட்டை விற்கப்போவதாக அண்ணன் நைனா முகம்மது சொன்னபோது, என் எதிர்ப்பை அம்மிக்கல்லிடம் மட்டும் தெரிவித்தேன். வரும் பணத்தில் செங்கல்பட்டு பஜாரில் அண்ணனுக்குத் துணிக்கடை. கடைக்குப் பின்னால் வாடகைக்கு ஒரே ஒரு அறை. அதில் அம்மாவும் நானும். கிணறு இல்லை, ஆள் வந்தால் ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லை.

வீட்டை வாங்க வந்த சுப்புராமன், கல்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர். செங்கல்பட்டு வக்கீல் சதாசிவத்தைக் கூடவே அழைத்து வந்திருந்தார். வக்கீல் அத்தா பேரில் இருந்த பழைய பத்திரத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கூடப் பொறந்தவங்க?”

“ஒரு தங்கச்சி கீது சார். அது இன்னா சொல்லப் போவுது!” என்றான் அண்ணன்.

“வயசு?”

“பத்தொம்பது.”

“அப்ப அதுவும் சேர்ந்துதான் விக்கணும். உங்க மார்க்கப்படி அம்மாவுக்கு எட்டுல ஒரு பங்கு. மீதியில உனக்கு ரெண்டுன்னா தங்கச்சிக்கு ஒண்ணு. மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் என் கட்சிக்காரர் வாங்குவார்.”

திரைக்குப் பின்னால் நின்ற நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இதில் ஏதோ ஒரு பகுதி என்னுடையது! அன்று முழுக்க எது என் பங்கு என்று வீட்டைச் சுற்றி வந்தேன். கிணறும் பின்கட்டு அறையும் எனக்கு. அடுப்படியைப் பெருந்தன்மையாக அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன்.

பத்திர ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நீளமான பேச்சைத் தயாரித்தேன். அதில் அத்தா வந்தார், நியாயம் வந்தது, முடிவில் அண்ணனே கண் கலங்கினான்.

பதிவாளர் முதலில் அம்மாவைக் கேட்டார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு “சம்மதம்” என்றாள். பிறகு என்னைக் கேட்டார்: “நீயும் மனசாரத்தான் விக்கிறியாம்மா? சம்மதமா?”

மொத்தப் பேச்சும் நாக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அண்ணன் சிரித்தபடி பேனாவை என் பக்கம் நகர்த்தினான். “சம்மதம்தான் சார். எங்க வழக்கத்துல பொண்ணு பேசாம இருந்துச்சுன்னா சரின்னு அர்த்தம்.”

அவன் புளுகவில்லை. மாமா மகள் ஷஹர்பானுவின் நிக்காஹ்வில் சாட்சிகள் வந்து சம்மதம் கேட்டபோது அவள் குனிந்த தலை நிமிரவே இல்லை. அவர்களும் திருப்தியாகப் போய்விட்டார்கள்.

“அது நிக்காஹ்வுக்குப்பா. இது கிரயம்,” என்ற வக்கீல் என் பக்கம் திரும்பினார். “கேளும்மா. இதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் அந்த வீட்டுல உனக்கு எதுவும் இல்ல. போட்டே ஆகணும்னு கட்டாயமும் இல்ல. இஷ்டமில்லன்னா சொல்லிடு.”

சுப்புராமன் பதறினார். “சார், நீங்க யாருக்கு வக்கீல்?”

“உங்களுக்குத்தான். இன்னிக்கு இந்தப் பொண்ணு முழுங்குறத நாளைக்கு இவ மாப்பிள்ளை கோர்ட்ல வந்து கக்குவான். அப்ப என்னைத்தான் திட்டுவீங்க.”

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பஸ்ஸில் தயாரித்த பேச்சிலிருந்து ஒரே ஒரு சொல் வெளியே வந்தது.

“மாட்டேன்.”

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன், எங்கள் கோழியைப் போல.

செங்கல்பட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில், திருப்போரூர் வரை அண்ணன் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தான். அப்புறம், “வூட்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றான். ‘யாரும் கேக்கல’ என்று சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி.

வழி கண்டுபிடித்தவர் வக்கீல்தான். வீட்டை இரண்டாகப் பிரித்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினார். முன்கட்டு அண்ணனுக்கு; அதைத்தான் சுப்புராமன் வாங்கினார். பின்கட்டும் கிணறும் அம்மாவுக்கும் எனக்கும். அண்ணனின் துணிக்கடை சுருங்கி, ரவிக்கைத் துணி மட்டும் விற்கும் கடையானது. யாராவது துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அவனுக்கு என் ஞாபகம் வருகிறதாம்.

“வாயை மூடிகினு உள்ளுக்குள்ள திட்டம் போட்டுகினு இருந்திருக்குது பாரு,” என்கிறார்கள் ஊரில். திட்டம் போடத் தெரிந்தவள் அடுப்படியை விட்டுக்கொடுப்பாளா? அது முன்கட்டோடு போய்விட்டது. நான் கிணற்றடியில் மூன்று கல் வைத்து, மழை வந்தால் ஒரு கையில் குடையோடு, குழம்பு கிளறுகிறேன்.

நேற்று சுப்புராமனின் மனைவி பார்வதம் குடத்தோடு வந்தார்.

“தண்ணி எடுத்துக்கட்டுமா, ஹபீபா?”

தலையை ஆட்டினேன். அவர் கயிற்றைத் தொடவில்லை.

“வாயால சொல்லிடும்மா. உன் விஷயத்துல அப்படித்தான் கேக்கணும்னு வக்கீல் சார் சொல்லியிருக்கார்.”

தொண்டையைச் செருமினேன். கோழி திரும்பிப் பார்த்தது.